போடி ரயில் பாதை ஓரத்தில் வீடு கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மதுரை–போடி ரயில் பாதை ஓரத்தில் சொந்த நிலம் வைத்திருப்பவர்களும், அங்கே மனை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் ஒரு தடவை படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்து நிலத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு கட்ட முயன்று ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், அப்பா இல்லை, நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். லீவு போட்டுப் போட்டுத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். கைக்காசு இரண்டு லட்சத்துக்கு மேல் வீணாகப் போனது. இப்படியெல்லாம் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் வந்திருக்காது. திருவாரூர்–காரைக்குடி, திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி, செங்கோட்டை–புனலூர் என்று மீட்டர்கேஜ் என்கிற பழைய குறுகிய பாதையை மூடி அகலப்பாதையாகத் திறந்த வேறு இடங்களிலும் பாதை ஓரத்துக்காரர்களுக்கு இதே கதைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. இந்தப் பாதை 1928ல் வந்தது. மேலே குரங்கணி, போடிமெட்டுப் பக்கத்து மலைகளிலிருந்து ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் இறங்கி மதுரைக்குப் போக வேண்டும், அதற்காகப் போட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். இதை அம்மாச்சி அடிக்கடி சொல்லும். "ஒரு தடவ புடுங்கிட்டுப் போனானுங்க, அப்புறம் அவனுங்களே கொண்டாந்து போட்டானுங்க" என்று. சின்ன வயதில் எனக்கு அது வெறும் கதை. நான் பார்த்த ரயில் மீட்டர்கேஜ் வண்டி, மெதுவாகத்தான் வரும், ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது இன்னும் மெதுவாகப் போகும். டிக்கெட் பஸ்ஸைவிட ரொம்பக் குறைவு. பூக்கூடை, காய்கறி மூட்டை, கோழி எல்லாம் ஏறும். எங்கள் நிலத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வேலி என்று ஒன்று கிடையாது, ஒரு பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் கரை, கரை மேல் தண்டவாளம், அவ்வளவுதான். ஊருக்குள் போகிற வண்டிப்பாதை தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து போகும். கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து போக வேண்டியதுதான்.

2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதை ஆக்கித் திரும்ப விடுகிறோம் என்றார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பணம் ஒதுக்குவது குறைந்து, வேலை நின்று நின்று நடந்ததில் 90 கிலோமீட்டர் பாதையை முடிக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் 2020 தொடக்கத்தில் சோதனை ஓட்டம் முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆண்டிபட்டி. கணவாயில் பாறையை உடைத்து அகலப்படுத்த வேண்டியிருந்ததால் அந்தப் பகுதிக்கு அதிக நாள் பிடித்தது. 2022 மே மாதம் தேனி வரைக்கும் பயணிகள் வண்டி வந்தது. 2023 ஜூன் 15ஆம் தேதி போடிக்கு வந்தது.

நடுவில் வண்டி ஓடாத அந்த வருஷங்களில் பாதை ஓரத்தில் என்ன நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். தண்டவாளத்தை எடுத்த பிறகு கரை ஒரு நல்ல மேட்டுச் சாலையாக ஆகிவிட்டது. பையன்கள் பைக்கில் போவார்கள், சோளத்தட்டை காயப்போடுவார்கள், ஆடு மேய்ப்பவர்களுக்கு அதுதான் வழி. கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணற்றிலிருந்து இந்தப் பக்கத் தோட்டத்துக்குச் சிலர் கரையைத் தோண்டி பிவிசி குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான். கரையை ஒட்டி மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், சில இடத்தில் தகரக் கூரை போட்ட வீடுகூட வந்தது. யாரும் வந்து கேட்கவில்லை. இனிமேல் ரயில் எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு ஊர் முழுக்க வந்துவிட்டது, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கும்கூட. ஆனால் வண்டி ஓடாவிட்டாலும் நிலம் ரயில்வே நிலம்தான். பன்னிரண்டு வருஷம் நாம் புழங்கினோம் என்பதற்காக ஒரு அடிகூட நமக்கு வராது. ஆக்கிரமிப்பை எடுக்கப் பொது வளாகச் சட்டம், 1971 என்று தனியாக ஒரு சட்டமே இருக்கிறது, அதன்படி நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம். வேலை மறுபடி சூடு பிடித்தபோது சித்தப்பா போட்ட குழாயைப் பொக்லைன் ஒரே அள்ளில் அள்ளிப் போட்டது. அந்த வருஷக் கத்தரி அப்படியே காய்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் குழாய் கொண்டுபோக வேண்டும் என்றால் அதற்கு வே லீவ் என்று ஒரு அனுமதி இருக்கிறது, முறையாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அவர்கள் சொல்லுகிற ஆழத்தில் பெரிய குழாய் ஒன்றைச் செலுத்தி அதற்குள்தான் நம் குழாய் போக வேண்டும். செலவு அதிகம்தான், பத்துப் பேர் சேர்ந்து போட்டால் கட்டும், தனி ஆளுக்குக் கட்டாது. அதற்குப் பதில் இந்தப் பக்கமே போர்வெல் போடுவது மலிவா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் பழைய ஓட்டு வீடு மழையில் ஒரு பக்கச் சுவர் சரிந்து இருக்க முடியாமல் போனது. அம்மாவை ஆண்டிபட்டியில் ஒரு வாடகை வீட்டில் வைத்தேன், மாசம் 4,500. பாதை ஓரத்து நிலத்தில் வீடு கட்டிவிடலாம், ரயிலும் வரப்போகிறது, ஆண்டிபட்டி ஸ்டேஷனும் பக்கம் என்று 2021 தொடக்கத்தில் முடிவு பண்ணினோம். பட்டா அம்மா பெயரில் இருந்தது, வில்லங்கம் சுத்தம். ஒரு இன்ஜினியரைப் பிடித்து வரைபடம் போட்டு, ஊராட்சியில் அனுமதிக்குக் கொடுத்தேன், பேங்கிலும் வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியில் நின்றது. "பக்கத்துல ரயில்வே லைன் போகுதே, என்ஓசி எங்க?"

அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். தமிழ்நாட்டில் 2019ல் வந்த கட்டட விதிகளின்படி, ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வீடு கட்டுவதென்றால் ரயில்வேயிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதைத்தான் என்ஓசி என்கிறார்கள். கிராம ஊராட்சிக்கும் அது பொருந்தும். 30 மீட்டர் என்பது கிட்டத்தட்ட நூறு அடி. அது தண்டவாளத்திலிருந்து அளப்பது இல்லை, ரயில்வே நிலத்தின் எல்லையிலிருந்து அளப்பது. இதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னுடைய இன்ஜினியர் உட்பட நான் விசாரித்த எல்லாரும் தண்டவாளத்திலிருந்துதான் அளந்தார்கள். தண்டவாளத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீடு போதுமான அளவு தள்ளி இருந்தது. அவர்கள் எல்லையிலிருந்து பார்த்தால் பாதி வீடு உள்ளே விழுந்தது.

எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் வயசானவர்களைக் கேட்டால் "கரை எறங்குற எடம் வரைக்கும் அவன்து, மிச்சம் நம்மது" என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (எந்தச் சர்வே எண் யாருடையது என்று சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்த்தால் ரயில்வே புறம்போக்கு எங்கள் சர்வே எண்ணை ஒட்டி நேர்கோடாகப் போகாமல், ஒரு இடத்தில் வயிறு தள்ளினாற்போல் எங்கள் பக்கம் வளைந்து வந்து திரும்பப் போனது. எனக்கு அது ஏதோ வரைந்தவர் பிழை என்றே தோன்றியது. ஓய்வுபெற்ற ஒரு சர்வேயர் ஐயாதான் விளக்கினார். "அந்தக் காலத்துல கரை போட மண்ணு பக்கத்துலயே வெட்டியெடுத்திருப்பாங்கம்மா. மண்ணு வெட்டின பள்ளமும் சேர்த்துத்தான் நெலம் கையகப்படுத்தியிருப்பாங்க. பள்ளம் எங்க இருக்கோ அங்க எல்லை தள்ளியிருக்கும்." நாங்கள் சின்ன வயதில் மழைத்தண்ணீர் தேங்கினால் போய் விளையாடிய பள்ளம், அம்மா மாட்டுக் கொட்டகை போட்டிருந்த இடம், எல்லாம் ரயில்வேக்குச் சொந்தம்.

பள்ளத்தில் சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. ஆள் வைத்து வெட்டச் சொன்னேன். இரண்டாவது நாள் மத்தியானம் வெட்டுகிறவர் கூப்பிட்டுக் காட்டினார். முள் வேருக்கு நடுவில், பழைய தண்டவாளத் துண்டு ஒன்று இடுப்பளவு உயரத்துக்கு நட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து, தொட்டால் கையில் ஒட்டியது. அதற்கு நேராக நூல் பிடித்துப் போனால் இன்னொன்று, அது தரையோடு தரையாக வெட்டப்பட்டிருந்தது, யார் வெட்டினார்களோ. புலப்படத்தில் வளைவு எங்கே இருந்ததோ சரியாக அங்கேயே அவை இருந்தன. அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நிலம் போகிறதே என்பதைவிட, நாற்பது வருஷமாக நம்முடையது என்று நம்பிய இடம் நம்முடையது இல்லை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்லுவது என்பதுதான் அழுகை. அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கொட்டகையைப் பிரித்து ஓலையையும் கம்பையும் அடுக்கி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நிலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் புதரை வெட்டிவிட்டுப் பாருங்கள். எல்லைக்கல் கருங்கல்லாகவும் இருக்கலாம், துண்டுத் தண்டவாளமாகவும் இருக்கலாம். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் அரசாங்கத்தின் நில ஆவண இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், பட்டா எண்ணோ சர்வே எண்ணோ இருந்தால் போதும். பட்டாவில் பரப்பு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்துச் சர்வே எண் யாருடையது என்று அ-பதிவேட்டில் பாருங்கள், ரயில்வே என்று இருந்தால் எல்லைக் கோட்டை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ரயில்வேயிடமும் அவர்களுடைய நில வரைபடம் ஒன்று தனியாக இருக்கும். அதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். 10 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே போடலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மனுவில் ஊர், வருவாய்க் கிராமம், சர்வே எண், பக்கத்தில் பாதையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் எண் எல்லாம் எழுதுங்கள். கிலோமீட்டர் எண் எழுதாமல் அனுப்பினால் எந்த இடம் என்றே அவர்களுக்குக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் தாலுகா சர்வேயரை அளக்கக் கூப்பிட வேண்டும். அளக்கும் அன்றைக்கு ரயில்வே ஆளும் இருக்கும்படி தேதி கேளுங்கள். தனித்தனியாக அளந்தால் அவர் அளந்ததை இவர் ஒப்புக்கொள்ள மாட்டார், எனக்கு அப்படித்தான் ஒரு அளவை வீணாகப் போனது. இப்போது நில அளவைக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், நான் அலைந்தபோது அந்த வசதி இல்லை, நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன எல்லா இடத்திலும் "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்ற கேள்வி. முதலில் கோபம் வரும், அப்புறம் பதில் சொல்லப் பழகிவிட்டேன். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் சொல்லுவது, எந்தப் பேப்பர் கொடுத்தாலும் இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்று சொன்ன இடங்களில் என் மனு கிடைக்காமல் போயிருக்கிறது. முத்திரை போட்ட பிரதியைக் காட்டிய பிறகு அதே மனு ஒரு பீரோவிலிருந்து வெளியே வந்தது.

கடைசியில் என்ஓசி கிடைத்தது. வீட்டைக் கிழக்கே நகர்த்தி, வரைபடம் திரும்பப் போட வேண்டியிருந்தது. கழிவுநீர் ரயில்வே நிலத்தில் விடக்கூடாது, எல்லையை ஒட்டிக் கிணறோ பள்ளமோ தோண்டக்கூடாது, வண்டி ஓடும் அதிர்வுக்கோ சத்தத்துக்கோ இழப்பீடு கேட்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். அதிர்வைப் பற்றி முன்னமே தெரிந்ததால் அஸ்திவாரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கம்பி போட்டு பெல்ட் பீம் ஓட்டச் சொன்னேன். மீட்டர்கேஜில் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், இப்போது 1,676. வண்டியும் கனம், வேகமும் அதிகம். பழைய வண்டி போனபோது தாத்தா வீட்டில் பாத்திரம் லேசாகச் சலசலக்கும், அவ்வளவுதான். அந்த நினைப்பில் இப்போது கட்டக்கூடாது.

பணம் எங்கே போனது என்று சொல்கிறேன். வாடகை மட்டும் 60,000க்கு மேல். பேங்கில் முதலில் கட்டிய செயலாக்கக் கட்டணமும் வக்கீல் கருத்துரைக்கும் மதிப்பீட்டுக்கும் கொடுத்ததும் திரும்ப வரவில்லை, கடன் ஒப்புதல் காலாவதியாகி மறுபடி கட்டியது 14,000. புது வரைபடத்துக்கு 12,000. இந்த இடைவெளியில் கம்பியும் சிமென்டும் ஏறியதில் மட்டும் 90,000 போல் வித்தியாசம். சம்பளம் பிடித்த லீவு தனி. என்ஓசி கையில் வருகிற வரைக்கும் பேங்கில் எழுதிக் கொடுக்காதீர்கள், மேஸ்திரிக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். விண்ணப்பித்துவிட்டோம், வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எதையும் தொடங்கவே வேண்டாம்.

வேலை ஆரம்பித்த பிறகு வந்தது அடுத்த பிரச்சினை, சப்வே. முன்பு தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த வண்டிப்பாதை இப்போது கிடையாது. ஆளில்லாத கேட்டுகளை அகலப்பாதையில் நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம், எத்தனை உயிர் போயிருக்கிறது அதில். எங்கள் ஊருக்கு அதற்குப் பதில் தண்டவாளத்துக்கு அடியில் சதுரமாகக் கான்கிரீட் பெட்டி வைத்து ஒரு சப்வே. உயரம் 3.6 மீட்டர் என்று வாயிலில் எழுதியிருக்கிறது, இரண்டு பக்கமும் இறங்கியவுடன் ஒரு திருப்பம். பைக், ஆட்டோ, டிராக்டர் போகும். போர்வெல் வண்டி போகாது. அது வந்து சப்வே வாயிலில் நின்றது, டிரைவர் இறங்கி மேலே பார்த்தார், கம்பை வைத்து அளந்து பார்த்தார், "அக்கா, இது வேலைக்கு ஆகாது" என்று ரிவர்ஸ் எடுத்துவிட்டார். வந்த கூலி 6,000 கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம் ஆள் இருக்கும் அடுத்த கேட் வழியாகச் சுற்றி, கண்மாய்க் கரையில் ஏறி, இரண்டு பேருடைய காட்டு வழியாகத்தான் வண்டி உள்ளே வந்தது. காட்டுக்காரர்களில் ஒருவர் காசு வாங்கவே இல்லை, இன்னொருவருக்கு மிதிபட்ட நிலக்கடலைக்கு நஷ்டம் கொடுத்தேன். கம்பி லாரியும் அப்படித்தான், 40 அடிக் கம்பியோடு அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாது. கடையிலேயே கம்பியை இரண்டாக மடித்துச் சின்ன வண்டியில் அனுப்பச் சொல்லலாம் என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான் தெரிந்தது. செங்கல், எம்-சாண்ட் எல்லாம் இந்தப் பக்கம் கொட்டி டிராக்டரில் மாற்றிக் கொண்டுபோனதில் 38,000 கூடுதல். மனை பார்க்கிறவர்கள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், சப்வே உயரத்தையும் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்து ஒரு லாரி டிரைவரிடம் காட்டுங்கள். நெல் அறுவடை வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வைக்கோல் லாரிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். மின்பாதையும் ஆனதால் கேட் உள்ள இடங்களில்கூட இரும்புக் கம்பத்தில் உயரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் உயரமாகப் பாரம் ஏற்றக்கூடாது, மேலே போவது 25,000 வோல்ட்.

ஐப்பசி மழையில் சப்வேக்குள் தண்ணீர் நின்றுவிடும். அந்த வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி ராத்திரியில் மூச்சு வாங்கியது. அன்றைக்குப் பார்த்து, கட்டி முடியாத வீட்டுக்குக் காவலாக நாங்கள் அங்கே தங்கியிருந்தோம். வந்த ஆட்டோ அந்தப் பக்கமே நின்றுவிட்டது, தண்ணீர் இடுப்பு வரைக்கும். சித்தப்பா மகன் டிராக்டர் எடுத்துவந்து கேட் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த இருட்டில் டிரெய்லரில் அம்மா தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த பயத்தை இன்றைக்கும் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் சப்வே தண்ணீருக்காக மனு கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் கேட்டால் கட்டுவதுதான் எங்கள் வேலை என்பார்கள், இன்னொரு இடத்தில் அது எங்கள் சாலையே இல்லை என்பார்கள். திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் இரண்டு தரப்பின் பெயரையும் போட்டு ஒரே மனுவாகக் கொடுத்ததுதான் கொஞ்சம் நகர்ந்தது. சப்வே சுவரில் பெயின்ட்டில் பால எண் எழுதியிருக்கும், அந்த எண்ணும், தண்ணீர் நிற்கும் படமும், தேதியும் மனுவில் இருக்கட்டும். ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் சுற்றிச் சுற்றி வரும். இப்போது மழைக்காலத்தில் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், மேலே கூரை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், அது இன்னும் வரவில்லை. எப்படியிருந்தாலும் மழை நாளில் வயசானவர்கள் இருக்கும் வீடு கேட் வழியாகச் சுற்றிப் போகிற பாதையை முன்னமே ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் வந்ததே, அதனால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு அதில் நிஜமான சந்தோஷம்தான். சென்னையிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் வண்டி வருகிறது, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக. ஆனால் மதுரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை. தேனி வரைக்கும் விட்டபோது மதுரையில் காலை 8:30க்குக் கிளம்பி 9:35க்குத் தேனி வந்தது, திரும்பப் போவது சாயங்காலம் 6:15க்கு. போடி வரைக்கும் நீட்டிய பிறகும் அதே முறைதான், காலையில் மதுரையிலிருந்து வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். இந்தப் பக்கத்திலிருந்து காலையில் மதுரை போய்ச் சாயங்காலம் திரும்ப நினைக்கிறவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே ரயிலை நம்பி மனை வாங்குகிறவர்கள் அன்றைய கால அட்டவணையைப் பார்த்து, தங்களுக்குத் தேவையான நேரத்தில், தேவையான திசையில் வண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பாதையில் இருந்த சின்ன நிறுத்தங்கள் பல இப்போது கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் பரவாயில்லை, 2024ல் சாதாரண வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30லிருந்து திரும்ப 10 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் ஒன்று. கரையில் நடந்து பழகிய பழக்கம் இன்னும் போகவில்லை. சோதனை ஓட்டம் விட்ட நாட்களில் தண்டோரா போட்டும் கேட்காமல் ஆடு ஓட்டிப் போனவர்கள் உண்டு. மீட்டர்கேஜ் வண்டி சத்தம் கேட்டு எழுந்து நடந்து இறங்கலாம், இந்த வண்டி கணவாய் தாண்டிய சத்தம் கேட்கும்போதே பக்கத்தில் வந்துவிடுகிறது. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். நாங்கள் எல்லையில் கம்பி வேலி போட்டுவிட்டோம், எங்கள் பக்கத்துக்குள் ஒரு அடி தள்ளித்தான்.

இப்போது ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் "ரயில் நிலையம் மிக அருகில்" என்று மனை விளம்பரம் நிறைய வருகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்கிறவரிடம் மூன்று தாள் கேளுங்கள், டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வரைபடம், அதில் ரயில்வே எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்திருக்கும் பக்கம், 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வே என்ஓசி. "அதெல்லாம் வீடு கட்டும்போது நீங்க வாங்கிக்கலாம்" என்று சொன்னால், அந்த என்ஓசி வந்த பிறகு பாக்கித் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் போன மாசம் ஒரு பையன் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறான், விற்கிறவர் முதலில் முடியாது என்றவர் இரண்டு நாள் கழித்து அவரே என்ஓசிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து ரசீதைக் காட்டினாராம்.